இன்குபேட்டருக்குத் துல்லியமான வெப்பநிலை சென்சார்: எந்த சிப் வாங்கலாம்?

குஞ்சுப்பெட்டி

வணக்கம் நண்பர்களே. கோழி முட்டைக்குச் சின்னதாக ஒரு இன்குபேட்டர் கட்டிக்கொண்டிருக்கிறேன். தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஒரு சின்ன மின்விசிறி, ஹீட்டர், அதை ஓட்ட ஒரு அர்டுயினோ நானோ (நிரல் எழுதி ஓட்டும் சின்ன கன்ட்ரோலர் போர்டு). உள்ளே 37.5 டிகிரி செல்சியஸ் நிற்க வேண்டும். பிழை 0.2, மிஞ்சிப்போனால் 0.3க்குள் இருந்தால் போதும். கையில் இருந்த மூன்று சென்சாரையும் ஒரே இடத்தில் கட்டித் தொங்கவிட்டேன். டிஎஸ்18பி20 37.4 என்கிறது, டிஎச்டி22 38.1 என்கிறது, பிஎம்இ280 மாட்யூல் 38.9இல் போய் உட்கார்ந்துகொண்டது. எதை நம்பி ஹீட்டரை அணைப்பது? தேடினால் டிஎம்பி117, எம்சிபி9808, எஸ்எச்டி45, பிடி100 என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். மலிவாக இருந்தால் நல்லதுதான், ஆனால் முட்டை வீணாவதைவிட சிப்புக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கத் தயார்.

நிக்ரோம்

இருக்கிற டிஎஸ்18பி20 போதும் நண்பரே. −10 முதல் 85 வரை ±0.5 என்று டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) சொல்கிறது, 37 பக்கத்தில் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே இருக்கும். மூன்று கம்பி, டேட்டா கம்பியைச் சப்ளையோடு இணைக்க ஒரு 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர், வேலை முடிந்தது. டிஎச்டி22ஐக் கழற்றிப் போடுங்கள்.

மில்லிகெல்வின்

> 37 பக்கத்தில் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே இருக்கும்

அந்தப் "பெரும்பாலும்" தான் பிரச்சினையே. ±0.5 என்றால் 37.5 என்று காட்டும்போது உள்ளே 37.0 ஆகவும் இருக்கலாம், 38.0 ஆகவும் இருக்கலாம். கொஞ்ச நேரம் குளிர்ந்தால் முட்டை தாங்கிக்கொள்ளும், ஆனால் 21 நாளும் அரை டிகிரி கூடுதலாக ஓடினால் குஞ்சு சீக்கிரம் வெளியே வரும், தேறாமலும் போகும். கேட்டவருக்கு 0.2 வேண்டும். டேட்டாஷீட்டில் அதிகபட்சப் பிழை என்று எழுதிக்கொடுத்திருக்கும் சிப்பைத்தான் வாங்க வேண்டும்.

டிஎம்பி117ஐப் பாருங்கள். −20 முதல் 50 வரை அதிகபட்சப் பிழை ±0.1. இது "வழக்கமாக" என்று போட்ட எண் இல்லை, உச்சவரம்பு. 16 பிட், ஒரு படி 0.0078125 டிகிரி. சப்ளை 5.5 வோல்ட் வரை தாங்கும், நானோவில் நேராக மாட்டலாம். கோடும் (நிரலும்) சுலபம்: வெப்பநிலை ரெஜிஸ்டரை (சிப் தன் அளவீட்டை வைத்திருக்கும் இடம்) படித்து 128ஆல் வகுத்தால் டிகிரி வந்துவிடும். 37.5 என்றால் ரெஜிஸ்டரில் 4800 இருக்கும். அவ்வளவுதான்.

எம்சிபி9808 இதற்கு அடுத்த படி. வழக்கமான பிழை ±0.25, அதிகபட்சம் ±0.5. அதாவது உச்சவரம்பில் டிஎஸ்18பி20க்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. விளம்பரத்தில் ±0.25 மட்டும்தான் பெரிதாகத் தெரியும்.

குஞ்சுப்பெட்டி

என் டிஎஸ்18பி20 திரையில் 37.4375 என்று நான்கு தசம இடம் காட்டுகிறது. அதனால் அதுதான் துல்லியமானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மில்லிகெல்வின்

அது ரெசல்யூஷன். 12 பிட்டில் ஒரு படி 0.0625, அதனால்தான் 37.4375, அடுத்து 37.5 என்று தாவுகிறது. நுணுக்கமாகப் படிக்கிறது என்பதற்கு அது சாட்சி, சரியாகப் படிக்கிறது என்பதற்கு இல்லை. இரண்டு டிஎஸ்18பி20ஐப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்று 37.1875, இன்னொன்று 37.625 என்று இரண்டுமே நான்கு தசமத்தோடு அடித்துச் சொல்லும்.

ஓம்விதி

எல்லாரும் சிப் பெயரிலேயே நிற்கிறீர்கள். அவர் மூன்று சென்சார் மூன்று எண் காட்டுகிறது என்றார், முதலில் அது ஏன் என்று பார்ப்போம். ஏனென்றால் அந்தக் காரணம் டிஎம்பி117 வாங்கினாலும் கூடவே வரும்.

எந்த சென்சாரும் காற்றை அளப்பதில்லை. தன் உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு எவ்வளவு சூடாக இருக்கிறதோ அதைத்தான் சொல்கிறது. அந்தத் துண்டுக்கு வெப்பம் பெரும்பாலும் கால்கள் வழியாகவும் அடியில் உள்ள காப்பர் வழியாகவும் வருகிறது, கறுப்பு பிளாஸ்டிக் வழியாகக் காற்றிலிருந்து வருவது குறைவு. ஆக சிப் எந்த போர்டில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த போர்டின் சூடுதான் உங்கள் அளவீடு. பிஎம்இ280இன் டேட்டாஷீட்டிலேயே, அது தரும் வெப்பநிலை போர்டின் சூட்டையும் சிப் தானே உண்டாக்கும் சூட்டையும் பொறுத்தது, வழக்கமாகச் சுற்றுப்புறத்தைவிட அதிகமாகவே இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். அதில் உள்ள வெப்பமானி முக்கியமாக அழுத்தம், ஈரப்பதம் இரண்டையும் திருத்துவதற்காக வைத்தது. அதோடு 5 வோல்ட் மாட்யூல் என்றால் அதே சின்ன போர்டில் 5 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு ரெகுலேட்டரும் இருக்கும், அதுவும் தன் பங்குக்குச் சூடாகும். உங்கள் 38.9க்கு இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஒரு சோதனை செய்யுங்கள். பெட்டி ஒரே நிலையில் நிற்கும்போது சென்சார்களின் மின்சாரத்தைப் பிடுங்கிவிடுங்கள், கால் மணி நேரம் கழித்துக் கொடுங்கள், முதல் அளவீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் விடாமல் ஓடவிட்டு ஐந்து நிமிடத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அந்த ஏற்றம் முழுக்க சென்சார் தானே உண்டாக்கிய சூடு. அந்த நேரத்தில் ஹீட்டரை நீங்களே போட்டு அணைத்துப் பெட்டியை ஒரே நிலையில் வைத்திருக்க வேண்டும், அது கொஞ்சம் எரிச்சலான வேலை.

என் கட்சி வேறு. ஒரு 10 கிலோ ஓம் என்டிசி தெர்மிஸ்டர் (சூடு ஏற ஏற மின்தடை குறையும் உறுப்பு) போதும்.

நிக்ரோம்

வந்துவிட்டார் தெர்மிஸ்டர் அண்ணன் :)

அண்ணே, 1 சதவீத தெர்மிஸ்டரில் 0.2 எப்படி வரும்?

ஓம்விதி

வாங்கியபடியே மாட்டினால் வராது. கணக்கைப் போடுவோம். பி மதிப்பு (சூட்டுக்கு ஏற்ப மின்தடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்லும் எண்) 3950 என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருப்பது 37.5இல் சுமார் 5.9 கிலோ ஓம் ஆகும். அந்த இடத்தில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 4 சதவீதம் மாறுகிறது. ஆக மின்தடையில் 1 சதவீதப் பிழை என்பது கால் டிகிரி. பி மதிப்பிலும் 1 சதவீதம் பிழை இருந்தால் அது இன்னொரு 0.13. மொத்தம் 0.4க்குப் பக்கத்தில். டிஎஸ்18பி20 அளவுக்குத்தான் வருகிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இவருக்கு −20 முதல் 100 வரை எல்லா இடத்திலும் சரியாக இருக்க வேண்டியதில்லை. 37.5 என்ற ஒரே புள்ளியில் சரியாக இருந்தால் போதும். அந்தப் புள்ளியில் ஒரு தடவை நல்ல வெப்பமானியோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கோடில் கழித்துவிட்டால் மேலே சொன்ன இரண்டு பிழையும் ஒன்றாகவே போய்விடும். மிச்சம் இருப்பது நானோவின் 10 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி). தெர்மிஸ்டரை ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு வரிசையில் வைத்து மின்னழுத்தத்தைப் பிரித்தால் 37.5 பக்கத்தில் ஒரு டிகிரிக்குப் பத்து படி கிடைக்கும், அதாவது படிக்கு 0.1. நிறைய தடவை படித்துச் சராசரி எடுத்தால் அதற்குக் கீழேயும் போகலாம். சப்ளையையே ஏடிசியின் ஒப்பீட்டு மின்னழுத்தமாக வைத்தால் சப்ளை ஏறினாலும் இறங்கினாலும் விகிதம் மாறாது. எல்எம்35 என்ற சென்சார் சிப்புக்கு இந்த வசதி கிடையாது, அது டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் என்று தனக்கென்று ஒரு அளவு வைத்திருக்கிறது, 5 வோல்ட்டோடு ஒப்பிட்டால் ஒரு படியே கிட்டத்தட்ட அரை டிகிரி.

இதிலும் தன்சூடு உண்டு. 3.3 வோல்ட்டில் தெர்மிஸ்டர் கால் மில்லிவாட் தின்னும். சின்ன மணி வகைக்கு அசையாத காற்றில் ஒரு டிகிரி ஏற 1 முதல் 2 மில்லிவாட் போதும், ஆக 0.13 முதல் 0.25 வரை தானே சூடாகிவிடும். நானோவின் 5 வோல்ட்டில் கொடுத்தால் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் டிஜிட்டல் பின் ஒன்றிலிருந்து மின்சாரம் கொடுத்து, படிக்கும் நேரத்தில் மட்டும் அதை எழுப்புங்கள், ஏடிசி ஒப்பீட்டையும் அந்தப் பின்னிலிருந்தே எடுங்கள்.

மில்லிகெல்வின்

அண்ணே, "நல்ல வெப்பமானி" என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். அது எங்கே இருக்கிறது? ±0.1க்கு ஒப்பிட ஒரு வெப்பமானி வைத்திருப்பவர் அதையே பெட்டிக்குள் மாட்டிவிடலாமே. டிஎம்பி117 ஆலையிலேயே ஒப்பிடப்பட்டுத்தான் வருகிறது. கேட்டவர் வாங்குவது சிப் மட்டும் இல்லை, அந்த ஒப்பீட்டையும் சேர்த்துத்தான்.

இன்னொன்று, இன்குபேட்டருக்குள் ஈரம். கடைசி மூன்று நாளில் ஈரப்பதத்தை 65, 70 சதவீதத்துக்கு ஏற்றுவோம். தெர்மிஸ்டரின் இரண்டு காலுக்கும் நடுவே ஈரமும் தூசியும் சேர்ந்து 1 மெகா ஓம் கசிவு உண்டானால் போதும், 5.9 கிலோவுக்குப் பக்கத்தில் அது 0.6 சதவீதம், 0.15 டிகிரி கூடுதலாகக் காட்டும். உங்கள் ஒப்பீடு அங்கேயே போச்சு.

ஓம்விதி

கசிவு சரியான புள்ளி. கண்ணாடி உறை தெர்மிஸ்டரும், கால்களுக்கு எபாக்ஸியும் இல்லாமல் நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடும் வெப்பமானி எல்லா வீட்டிலும் இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். மனித உடம்பின் சூடும் இன்குபேட்டரின் சூடும் ஒரே இடத்தில் இருப்பது நமக்கு அதிர்ஷ்டம். 37ஐ ஒட்டிய இடத்தில் அவற்றுக்குப் பெரும்பாலும் ±0.1 தான் பிழை.

செய்யும் விதம்: ஃபிளாஸ்க் ஒன்றில் 38 பக்கத்தில் வெந்நீர். தெர்மாமீட்டரின் உலோக நுனியையும் சென்சாரையும் ஒட்டினாற்போல் நூலால் கட்டுங்கள். சென்சார் தண்ணீர் புகாத வகை இல்லையென்றால் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, காற்றைப் பிழிந்து எடுத்துவிட்டு, வாயை மேலே வைத்துக்கொள்ளுங்கள். ஆழமாக இறக்குங்கள், நுனி மட்டும் நனைந்தால் கம்பி வழியாக வெப்பம் வெளியே ஓடும். கலக்கிக்கொண்டே இருங்கள். தெர்மாமீட்டர் உச்ச அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீரோ மெதுவாக ஆறிக்கொண்டே போகும், அதனால் சென்சாரை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவிட்டு, தெர்மாமீட்டரின் எண் ஏறி நிற்கும் அந்த நேரத்து அளவைத்தான் ஒப்பிட வேண்டும். பீப் சத்தம் வந்து ஆற அமரப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். இன்னொரு தெர்மாமீட்டர் கிடைத்தால் அதையும் போடுங்கள்.

ஐஸ் தண்ணீரில் 0 டிகிரி பார்ப்பதும் நல்ல பழக்கம்தான், ஆனால் 0இல் உள்ள வித்தியாசம் 37இலும் அதே அளவில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. கொதிநீர் வேண்டவே வேண்டாம். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும், நமக்கு வேண்டிய இடத்திலிருந்து தூரமும் அதிகம்.

பூஜ்யத்துக்குக்கீழே

தெர்மாமீட்டரை அப்புறம் நன்றாகக் கழுவி வையுங்கள் சாமி.

நூல்கண்டு

ஹார்டுவேர் சண்டைக்கு நடுவே ஒரு கோடு விஷயம், இது டிஎஸ்18பி20 வைத்து ஹீட்டர் ஓட்டும் எல்லாருக்கும். அதைப் படிக்க வழக்கமாக எல்லாரும் பயன்படுத்தும் டல்லாஸ் லைப்ரரி, சென்சார் தொடர்பு அறுந்தால் −127 என்று திருப்பித் தரும். உங்கள் கோடில் "37.5க்குக் கீழே போனால் ஹீட்டரைப் போடு" என்று இருந்தால், ஒரு கம்பி கழன்றாலே ஹீட்டர் நிற்காமல் ஓடும். திரையில் −127, பெட்டிக்குள் வேகவைத்த முட்டை. எதிர்ப்பக்கம் 85. மின்சாரம் வந்தவுடன் அளவீடு முடிவதற்குள் படித்தால் அந்த ரெஜிஸ்டரில் 85 தான் இருக்கும், 12 பிட்டுக்கு 750 மில்லிவினாடி வரை காத்திருக்க வேண்டும். இரண்டு எண்ணையும் பிழை என்று பிடித்து, பிழை வந்தால் ஹீட்டரை அணையுங்கள். நிரலை நம்பாமல், சூடு மீறினால் மின்சாரத்தை அறுக்க, தனியாக ஒரு தெர்மோஸ்டாட்டோ தெர்மல் ஃபியூஸோ ஹீட்டர் வரிசையில் போடுங்கள். ஹீட்டரைப் போட்டு அணைக்கும் ரிலே ஒட்டிக்கொண்டால் எந்த சிப்பும் காப்பாற்றாது.

நிக்ரோம்

இது நூறு சதவீதம்.

அப்புறம் குஞ்சுப்பெட்டி, உங்கள் டிஎஸ்18பி20 அசல்தானா என்று ஒரு தடவை பாருங்கள். சந்தையில் போலி ஏராளம். அதன் 64 பிட் முகவரியை அச்சடித்தால் 28 என்று தொடங்கும், அசலில் கடைசி பைட்டுக்கு முந்தைய இரண்டு பைட்டும் 00 00 ஆக இருக்கும். அங்கே வேறு எண்கள் இருந்தால் சந்தேகப்படுங்கள். 00 00 இருந்துவிட்டால் அசல் என்றும் இல்லை. நான் சொன்ன ±0.5 அசலுக்குத்தான்.

குஞ்சுப்பெட்டி

பார்த்தேன். 28 எஃப்எஃப் என்று தொடங்குகிறது, கடைசிக்கு முந்தைய இரண்டு பைட்டும் பூஜ்யம் இல்லை. போலிதான் போல. எஃகுக் குழாய்க்குள் வந்த மலிவான வகை.

ஓம்விதி அண்ணன் சொன்ன சோதனையும் செய்தேன். பிஎம்இ280 மின்சாரம் கொடுத்தவுடன் 37.9, ஐந்து நிமிடத்தில் 38.8. டிஎஸ்18பி20 அசையவே இல்லை. காய்ச்சல் தெர்மாமீட்டரோடு வெந்நீரில் பார்த்தபோது டிஎஸ்18பி20 0.3 குறைவாகக் காட்டுகிறது. அதாவது அது 37.4 என்றபோது உள்ளே 37.7.

இப்போது இரண்டு கேள்வி. இந்தப் போலியிலேயே 0.3 கூட்டிக்கொண்டு ஓட்டலாமா? ஈரப்பதமும் பார்க்க வேண்டியிருப்பதால் எஸ்எச்டி45 வாங்கினால் இரண்டு வேலையும் முடியுமா?

மில்லிகெல்வின்

போலியை வைத்துக்கொண்டு 21 நாள் ஓட்ட நான் துணியமாட்டேன். இன்று 0.3, ஈரத்தில் ஊறிய பிறகு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

எஸ்எச்டி45 நல்ல சிப். ஆனால் அதன் ±0.1 "வழக்கமாக" வரிசையில் உள்ள எண், உச்சவரம்பு இல்லை. சப்ளையும் 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, 5 வோல்ட் நானோவோடு பேச, சிக்னலின் மின்னழுத்தத்தைப் பொருத்தும் லெவல் மாற்றி வேண்டும், அது உள்ள மாட்யூலாகப் பார்த்து வாங்குங்கள். அதற்கு முந்தைய எஸ்எச்டி35 5.5 வோல்ட் வரை தாங்கும், 20 முதல் 60 வரை அதற்கும் வழக்கமான பிழை ±0.1. என் யோசனை, ஹீட்டரை டிஎம்பி117 ஓட்டட்டும், ஈரப்பதத்துக்கு உங்களிடம் இருக்கும் டிஎச்டி22 போதும், ஈரத்தில் இரண்டு மூன்று சதவீதம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் ஆகாது.

ஓம்விதி

சரி, டிஎம்பி117 என்றே முடிவானால் அதை எப்படி வைப்பது என்பதையாவது கேளுங்கள். பெரிய மாட்யூல் போர்டில் நடுவில் உட்கார்ந்திருப்பதை வாங்காதீர்கள். ஓரத்தில் நாக்கு மாதிரி நீட்டி, சுற்றிலும் போர்டை வெட்டி விட்டிருப்பார்கள், அந்த வகை நல்லது. போர்டில் எல்இடி எரிந்தால் அதன் ரெசிஸ்டரைப் பிடுங்கிவிடுங்கள். நீங்களே போர்டு போடுவதானால், சிப்பின் அடியில் உள்ள வெப்பத் தகட்டைப் பற்றவைக்காமல் விடுவது நல்லது, பற்றவைத்தால் போர்டு வளையும் இழுப்பு சிப்பின் மேல் வந்து அளவீடு நகரும். வினாடிக்கு ஒரு தடவை படித்தால் அது சராசரியாக 3.5 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும், தன்சூடு பற்றிக் கவலையே வேண்டாம்.

இடம்: முட்டையின் உயரத்தில், ஹீட்டரின் காற்று நேராக அடிக்காத இடத்தில். பெட்டியின் மூலைக்கும் நடுவுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம், அதை அளக்காமல் 0.1க்குச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. உங்கள் போலி டிஎஸ்18பி20ஐ அதற்குப் பயன்படுத்துங்கள், ஒரே சென்சாரை ஐந்தாறு இடத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் வித்தியாசம் மட்டும்தான் முக்கியம், அதற்கு அது போதும். எஃகுக் குழாய் காற்றில் மெதுவாகத்தான் சூடு பிடிக்கும், ஒவ்வொரு இடத்திலும் பொறுமையாக விடுங்கள். கடைசி வாரத்தில் மறுபடி பாருங்கள், கருக்கள் தாமே வெப்பம் விட ஆரம்பித்திருக்கும், முட்டைக்கு நடுவே சூடு கூடும்.

குஞ்சுப்பெட்டி

நன்றி அண்ணா, எல்லாருக்கும் நன்றி. நாக்கு நீட்டிய டிஎம்பி117 மாட்யூல் ஒன்று சொல்லிவிட்டேன், கூடவே ஒரு தெர்மல் ஃபியூஸும். நானோ பெட்டிக்கு வெளியே இருக்கும், உள்ளே வரும் கம்பி முக்கால் மீட்டர். சிப்பும் நானோவும் பேசிக்கொள்ளும் ஐ2சி இணைப்பு அவ்வளவு தூரம் போகுமா?

நூல்கண்டு

போகும். வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸிலேயே விடுங்கள். ஐ2சி கம்பியின் மொத்தக் கொள்ளளவு 400 பிகோஃபாரட் தாண்டக்கூடாது, முக்கால் மீட்டரில் அதற்கு வெகு கீழேதான் இருப்பீர்கள். டேட்டா, கிளாக் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்காதீர்கள், ஒவ்வொன்றையும் கிரவுண்டோடு சேர்த்து முறுக்குங்கள். ஹீட்டர் கம்பியிலிருந்து விலக்கி இழுங்கள். ரிலே அடிக்கும்போது ஐ2சி இணைப்பு தொங்கிப்போனால் அதை ஓட்டும் ஒயர் லைப்ரரி அப்படியே நின்றுவிடும், அதற்கு டைம்அவுட் வசதி இருக்கிறது, போட்டுவிடுங்கள், வாட்ச்டாகையும் (நிரல் உறைந்தால் நானோவைத் தானாக ரீசெட் செய்யும் டைமர்) சேர்த்து. பழைய பூட்லோடர் (மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் சின்ன நிரல்) உள்ள சில நானோக்களில் வாட்ச்டாக் ரீசெட் ஆனதும் திரும்பத் திரும்ப ரீசெட்டிலேயே மாட்டிக்கொள்ளும், முட்டை வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை வேண்டுமென்றே தொங்கவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

நிக்ரோம்

மெல்லிய கம்பியாக வாங்குங்கள். தடித்த கம்பி வெளிக்குளிரை நேராக சிப் வரை கொண்டுவந்துவிடும். பெட்டிக்குள் ஒரு சாண் கம்பியாவது சுருட்டி விட்டுவிட்டு அப்புறம் சென்சாரைத் தொங்கவிடுங்கள்.